ஒரு பல்லுக்கு இவ்வளவா?

பல்வலிக்கு நம் வீடுகளில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். அடுத்தது கிராம்பு. அதற்கடுத்து மெடிக்கலில் சொல்லி வாங்கும் மாத்திரை. முகம் வீங்கினால் பல் டாக்டர். அவராலும் ஆகவில்லை என்றால், அதற்கென்றே தனியாகப் படித்த ஸ்பெஷலிஸ்ட். வீட்டு ஆண்கள் பெரும்பாலும் இந்த வரிசையில் இரண்டிரண்டு படியாகத் தாவிப் போய்விடுகிறார்கள். பெண்கள் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறோம். நிறையப் பேர் மூன்றாவது படியிலேயே தங்கிவிடுகிறோம்.

எனக்கு 46 வயது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். மாதம் 14,000 ரூபாய் சம்பளம். கணவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மகன் பிளஸ் டூ. மாமியார் எங்களோடு இருக்கிறார். 2018இல் இடது பக்க மேல்கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட்டார்கள். ஆறு வருடம் கழித்து அதே பல்லில் மறுபடி வலி வந்தது. பிடுங்கிவிடுவதா, ஸ்பெஷலிஸ்டிடம் போவதா என்று முடிவெடுக்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் பல்லைப் பற்றி நான் யோசித்தது குறைவு. என்னைப் பற்றியும் என் வீட்டைப் பற்றியும் யோசித்ததுதான் அதிகம்.

எங்கள் தெருமுனையில் இருக்கும் பல் டாக்டர் நேர்மையானவர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "வேர் நுனியில கறுப்பா ஒரு நிழல் தெரியுதும்மா. உள்ள இன்னும் கிருமி இருக்கு. இதை நான் மறுபடி தொறந்து பாக்குறதைவிட எண்டோடான்டிஸ்ட் ஒருத்தர் பாக்குறது நல்லது. இல்லாட்டி எடுத்துரலாம்" என்றார். ஒரு சீட்டில் கணக்கும் எழுதிக் கொடுத்தார். பிடுங்க 800 ரூபாய். பிடுங்கிய இடத்தில் பக்கத்துப் பற்களைச் செதுக்கி பிரிட்ஜ் கட்ட 12,000. எலும்பில் திருகு வைத்து இம்ப்ளான்ட் செய்ய 30,000. ஸ்பெஷலிஸ்டிடம் போனால் ஸ்கேன், மறு சிகிச்சை, புதுக் கேப் எல்லாம் சேர்த்து 17,000 ஆகலாம். என் ஒரு மாதச் சம்பளத்தைவிட மூவாயிரம் அதிகம்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னேன்.

"ஒரு பல்லுக்கு இவ்வளவா?" என்றார் கணவர். "ஆறு வருசம் ஓடிருச்சுல்ல. எடுத்துட்டா வேலை முடிஞ்சது."

"எனக்கு இருக்குறதே பதினோரு பல்லு. நான் திங்காமயா இருக்கேன்?" என்றார் மாமியார்.

பிறகு கணவரே, "ஒன் இஷ்டம்மா, பாத்துக்க" என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் "உன் இஷ்டம்" என்ற சொல் ஒரு பெண்ணிடம் வந்து சேரும்போது, செலவின் பொறுப்பும் அதோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தேசியக் குடும்ப நல ஆய்வுக்காக வீடு வீடாக வருபவர்கள் திருமணமான பெண்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: உங்கள் உடல்நலம் பற்றிய முடிவை வழக்கமாக யார் எடுக்கிறார்கள், நீங்களா, கணவரா, இருவரும் சேர்ந்தா? என்னிடம் கேட்டிருந்தால் தயங்காமல் "சேர்ந்துதான்" என்றிருப்பேன். சிகிச்சைக்குப் போக என்னென்ன தடை என்றும் கேட்பார்கள். அனுமதி கிடைக்காதது, பணம் இல்லாதது, தூரம், வண்டி வசதி, தனியாகப் போக முடியாதது, பெண் மருத்துவர் இல்லாதது என்று ஒரு பட்டியல் உண்டு. என் தடை அந்தப் பட்டியலில் எதிலும் சரியாகப் பொருந்தவில்லை. இவ்வளவு பணத்தை என் வாய்க்குள் போடலாமா என்பதுதான் எனக்கிருந்த கேள்வி. அதை வேறு யாரும் கேட்கவில்லை. நானேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

*

2009லிருந்து வீட்டுக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். மருத்துவச் செலவுக்கென்று தனி நோட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கூட்டிப் பார்த்தேன்.

மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன், மதுரையில். மகனுக்குப் பல் கம்பி, 28,000. கணவருக்கு 2022இல் கீழ்க்கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால். திங்கட்கிழமை வலி வந்தது, வெள்ளிக்கிழமை மதுரையில் ஸ்பெஷலிஸ்டிடம் உட்கார்ந்திருந்தோம். கேப்போடு சேர்த்து 11,000. "கடை ஓடணுமே" என்றுதான் எல்லோரும் பேசினோம். போன் செய்து நேரம் வாங்கியவள் நான். பல்லுக்கு இவ்வளவா என்ற கேள்வியை அன்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

என் பெயருக்கு எதிரே இருப்பவை எல்லாம் சின்னச் சின்ன எண்கள். தைராய்டு மாத்திரை. வலி மாத்திரை பத்து. வயிற்றெரிச்சல் மாத்திரை. வலி மாத்திரை பத்து. ஆண்களின் செலவு பெரிதாக ஒரு முறை வந்து முடிந்துபோகிறது. என் செலவு சிறிதாக வந்து முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. பெரிய எண் வீட்டில் பேச்சாகிறது. சின்ன எண்ணை மளிகைச் சாமானோடு சேர்த்து வாங்கிவிடலாம், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வலி வந்த பிறகு ஏழு மாதத்தில் மாத்திரைக்கும் டாக்டர் பீஸுக்கும் மட்டும் 3,900 ரூபாய் ஆகியிருந்தது. ஏனென்றால் முதலில் அது பல்வலியாகவே தெரியவில்லை. இடது கன்னத்துக்குள் ஒரு கனம். குனிந்து கூட்டினால் கண்ணுக்குக் கீழே இடிக்கும். தலைவலி. நான் பார்த்த பொது மருத்துவர் ஒருவர், "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்றதுதான். டென்ஷனைக் கொறைங்க" என்று தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். அடுத்துப் பார்த்தவர் சைனஸ் என்றார். அது முழுக்கத் தப்பும் இல்லை. மேல்கடைவாய்ப் பற்களின் வேர்கள் சைனஸ் அறையின் தரையை ஒட்டியே இருக்கின்றன. வேர் நுனியில் சீழ் கட்டினால் அந்த அறையும் கனக்கும். ஆனால் வாயைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 46 வயதுப் பெண்ணின் தலைவலிக்குக் காரணம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது. அதைத் தாண்டித் தேடுவதற்கு யாருக்கும் அவசியம் வருவதில்லை.

நடுவில் இரண்டு முறை ஆன்டிபயாடிக்கும் சாப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் வலி குறைந்தது, மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. காரணம் எளிமையானது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ரூட் கெனால் செய்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மாத்திரை ரத்தத்தில் கலந்துதான் வேலை செய்கிறது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. வெளியே வீக்கம் வற்றும், உள்ளே கிருமி அப்படியே இருக்கும். பல்வலிக்கு ஆன்டிபயாடிக் மட்டும் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிடும் தோழிகளுக்கு இந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

*

பிடுங்கிவிடலாம் என்று நான் கிட்டத்தட்ட முடிவு செய்திருந்த வாரத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன்.

அம்மாவுக்கு இப்போது 71. 44 வயதிலேயே அவருக்கு ஐந்து பற்கள் போய்விட்டன. எல்லாம் பிடுங்கியவை. வலி வரும், கிராம்பை ஒதுக்கிக்கொள்வார், இரண்டு நாள் கஞ்சி குடிப்பார், தாங்க முடியாமல் போனால் பிடுங்கிவிட்டு வருவார். பஸ் செலவோடு சேர்த்து அன்றைக்கு அது ஐம்பது அறுபது ரூபாய் விஷயம். "நாலு புள்ள பெத்தவளுக்குப் பல்லு எப்படி நிக்கும்?" என்று அப்பத்தா சொல்வார். பிள்ளை வளர்வதற்குத் தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்து போகிறது என்பது உண்மையில்லை. பல்லிலிருந்து அப்படி எதுவும் கரைந்து போவதில்லை. மசக்கையில் திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பதால் அமிலம் பல்லை அரிக்கிறது. ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கி ரத்தம் கசிகிறது. இவற்றோடு, பிள்ளை பிறக்கட்டும், பால்குடி மறக்கட்டும் என்று தள்ளிப்போடுவதும் சேர்ந்துகொள்கிறது. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் பல் சிகிச்சையைத் தாராளமாகச் செய்யலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அவசரமென்றால் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். அம்மாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. பற்களைக் கொண்டுபோனது பிள்ளைகள் இல்லை, நேரமும் பணமும் இல்லாததுதான்.

அம்மா சிரிக்கும்போது புறங்கையால் வாயை மூடிக்கொள்வார். சின்ன வயதில் எங்களுக்கு அதைக் காட்டித்தான் அடக்கம் சொல்லிக்கொடுத்தார்கள். "ஒங்கம்மாவப் பாரு, பல்லு தெரியாமச் சிரிப்பா" என்று சித்தி சொல்வார். நாங்களும் கையை வைத்துச் சிரிக்கப் பழகினோம். இந்த முறை போனபோது பழைய கல்யாண போட்டோ ஒன்று கையில் கிடைத்தது. 20 வயதில், சித்தப்பா கல்யாணத்தில், அம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கை மடியில் கிடக்கிறது.

"அப்ப நீ வாயைப் பொத்த மாட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"அப்பப் பல்லு இருந்துச்சுல்ல" என்றார், சாதாரணமாக.

முப்பது வருடமாக அடக்கம் என்று நாங்கள் படித்தது பல் இல்லாத கூச்சம். முறுக்கு, பொரிகடலை, மாதுளம்பழம், கறி எல்லாவற்றையும் "எனக்குப் பிடிக்காது" என்று அவர் ஒதுக்கி எங்கள் தட்டில் வைத்ததைத் தாய்ப்பாசம் என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். அதில் பாசமும் இருந்திருக்கும். ஆனால் மென்று தின்ன முடியாததும் இருந்தது.

என் பல் போனால் என்ன ஆகும் என்பதைத் தெருமுனை டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பக்கத்துப் பற்கள் காலியிடத்தின் பக்கம் சாயும். நேர் கீழே இருக்கும் பல், கடிக்க எதிர்ப்பல் இல்லாமல் மெல்ல மெல்ல மேலே எழும்பும். பல் இல்லாத இடத்தில் எலும்பு கரையும். இடைவெளியில் உணவு தங்கும், அடுத்த பல் சொத்தையாகும். எல்லோருக்கும் இது ஒரே வேகத்தில் நடப்பதில்லை. அம்மாவுக்கு வேகமாகவே நடந்தது. 800 ரூபாய்க்கு முடிந்துவிடும் என்று வீட்டில் சொன்ன வேலை, அம்மாவின் வாயில் 27 வருடமாக முடியவில்லை.

*

ஸ்பெஷலிஸ்டிடம் போவது வேறு, அவரிடம் சிகிச்சை செய்துகொள்வது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததும் எனக்கு மூச்சு விட முடிந்தது. கேட்பதற்கு ஆலோசனைக் கட்டணம் 300 ரூபாய்தான். மதுரையிலிருந்து ஒரு எண்டோடான்டிஸ்ட் இரண்டாவது, நான்காவது ஞாயிறுகளில் எங்கள் ஊர் கிளினிக் ஒன்றுக்கு வருகிறார் என்று தெரிந்தது. சின்ன ஊர்களில் இப்படித்தான். ஸ்பெஷலிஸ்டுகள் நாலைந்து கிளினிக்குகளுக்குச் சுற்றி வருகிறார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தோளில் ஒரு பை, கையில் கருவிப்பெட்டி. பஸ்ஸில் வந்திறங்கியதாகச் சொன்னார். மாமியார் பிறகு கேட்டார்: "சின்னப் பொண்ணா இருக்காளாமே, அவளுக்கு என்ன தெரியும்?" கணவரின் பல்லைப் பார்த்த டாக்டருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அவர் ஆண். அவர் வயதைப் பற்றி வீட்டில் பேச்சே வரவில்லை.

பெண் பல் மருத்துவர் புதிய விஷயமும் இல்லை. அமெரிக்காவில் லூசி ஹாப்ஸ் டெய்லரை முதலில் கல்லூரியில் சேர்க்க மறுத்தார்கள். அவர் தனியாகத் தொழில் கற்று, தொழிலும் நடத்தி, பிறகு சேர்த்துக்கொள்ளப்பட்டு 1866இல் பட்டம் வாங்கினார். நம் துணைக்கண்டத்தில் ஃபாத்திமா ஜின்னா கல்கத்தாவில் பல் மருத்துவம் படித்து 1923இல் பம்பாயில் கிளினிக் திறந்தார். இன்று நம் பல் மருத்துவக் கல்லூரி வகுப்பு எதற்குள் எட்டிப் பார்த்தாலும் பெண்கள்தான் அதிகம். ஐந்து வருடம் பி.டி.எஸ்., அதற்கு மேல் மூன்று வருடம் எம்.டி.எஸ். அந்த மூன்று வருடமும் பல்லைக் காப்பாற்றுவதற்கான படிப்பு. என் மகளைப் போல ஒருத்தி எட்டு வருடம் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறி வருகிறாள். அவளுக்கு என்ன தெரியும் என்று நாம் கேட்கிறோம்.

அந்த டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். எங்கே வலிக்கிறது, எப்போது ஆரம்பித்தது, படுத்தால் கூடுகிறதா என்று கேட்டார். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார். என் பல்லுக்கு மூன்று வேர்கள். அதனால் மூன்று கால்வாய் என்று பார்வைக்குத் தோன்றும். ஆனால் கன்னப்பக்கம் முன்னால் இருக்கும் வேரில் பலருக்கு இரண்டாவதாக ஒரு மெல்லிய கால்வாய் இருக்கும். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது உண்டு என்று பல ஆய்வுகள் சொல்கின்றனவாம். சாதாரண எக்ஸ்ரே தட்டையான படம். ஒன்றின் பின்னால் ஒன்றாக இருக்கும் இரண்டு கால்வாய்கள் அதில் ஒன்றாகவே தெரியும். சுத்தம் செய்யாமல் விட்டுப்போன கால்வாயில் கிருமி வருடக்கணக்கில் தங்கலாம்.

"அப்ப முன்னாடி செஞ்சவங்க தப்புப் பண்ணிட்டாங்களா டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"அப்படிச் சொல்லிர முடியாதும்மா. வெறுங்கண்ணுக்கு அது தெரியாத பல்லு நெறைய இருக்கு. மைக்ராஸ்கோப் வெச்சுத் தேடுனாலே சில நேரம் கெடைக்காது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன். வேர்ல விரிசல் இருந்தா நானும் எடுக்கத்தாம்மா சொல்லுவேன். ஒங்க காசை வீணாக்க மாட்டேன்" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் ஸ்பெஷலிஸ்டிடம் போக வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். பல்லைக் காப்பாற்றுவதற்கு மட்டும் இல்லை, காப்பாற்ற முடியுமா முடியாதா என்று தெரிந்துகொள்வதற்கும். பிடுங்குவது என்றாலும் அது எனக்குத் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும். ஸ்கேனில் விரிசல் இல்லை. நான்காவது கால்வாயின் தடம் இருந்தது.

*

பணத்துக்குச் சீட்டு எடுத்தேன். பள்ளியில் இருபது பெண்கள் சேர்ந்து மாதம் ஆயிரம் ரூபாய் கட்டும் சீட்டு. மகளுக்கு ஜிமிக்கி வாங்க என்று மனதில் வைத்திருந்த பணம். மகளிடம் சொன்னபோது, "எனக்கு ஜிமிக்கி வேணும்னு நான் எப்பம்மா கேட்டேன்?" என்றாள். கணவரிடம், "ரெண்டாவது ஞாயித்துக்கிழமை போறேன். சீட்டு எடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் வரவா?" என்றார். இரண்டாவது தடவைக்கு வந்தார்.

முதல் நாள் இரண்டு மணி நேரம் ஆனது. கேப்பை அறுத்து எடுத்தார்கள். அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரியும்படி வாய் முழுக்க நீல நிற ரப்பர் விரிப்பை மாட்டினார்கள். எச்சிலும் கிருமியும் பல்லுக்குள் இறங்காமலும், கருவியும் மருந்தும் தொண்டைக்குள் விழாமலும் இருக்க அது. பழைய அடைப்பைக் கரைத்து எடுத்தார்கள். கழுவுவதற்கு ஊற்றிய திரவம் வீட்டில் துணிக்குப் போடும் பிளீச்சிங் வாசனை அடித்தது. அதே சரக்குதான், பல்லுக்கான அளவில். முக்கால் மணி நேரத் தேடலுக்குப் பிறகு, "கெடைச்சிருச்சு" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். வாய்க்குள் ரப்பர் இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டு வாரத்துக்கு உள்ளே ஒரு மருந்து வைத்து மூடினார். கால்சியம் ஹைட்ராக்சைடு. "வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்புதாம்மா, சுத்தப்படுத்துனது" என்று சிரித்தார். மாமியாரிடம் சொன்னபோது முதல்முறையாக அந்த டாக்டர் மேல் அவருக்கு மரியாதை வந்தது. யாரும் வீட்டுச் சுண்ணாம்பைப் பல்லில் வைத்துவிடாதீர்கள், வாய் வெந்துபோகும்.

ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் வேர் நுனி நிழல் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒரு வருடத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். கன்னத்துக் கனம் போய்விட்டது. இந்தப் பல் இன்னும் எத்தனை வருடம் வரும் என்று டாக்டர் உத்தரவாதம் எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

எல்லா ரூட் கெனாலுக்கும் ஸ்பெஷலிஸ்ட் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒற்றை வேர் உள்ள முன்பல், முதல்முறை சிகிச்சை என்றால் பக்கத்துப் பல் டாக்டரே நன்றாகச் செய்துவிடுவார். ஏற்கெனவே செய்து மறுபடி வலிக்கும் பல், வளைந்த வேருள்ள கடைவாய்ப் பல், உள்ளே கருவி முறிந்து தங்கிய பல், கால்வாய் சுருங்கி அடைத்துப்போன பல் என்றால் ஸ்பெஷலிஸ்டைக் கேட்பது நல்லது. யாரிடம் போனாலும் கேட்கலாம்: என் பல்லில் எத்தனை கால்வாய் பார்த்தீர்கள்? ரப்பர் விரிப்பு மாட்டுவீர்களா? முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேயை என்னிடம் தருவீர்களா? சொன்ன தொகையில் கேப் சேர்ந்ததா? கேப் எத்தனை நாளுக்குள் போட வேண்டும்? கடைசிக் கேள்வி முக்கியம். ரூட் கெனாலோடு காசு தீர்ந்துபோய், கேப்பைத் தள்ளிப்போட்டு, பல் உடைந்து வந்து நிற்பவர்கள் நிறைய என்றார் டாக்டர். காசு முடியாதவர்கள் மேற்படிப்பு உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகலாம். எம்.டி.எஸ். மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். நான்கைந்து முறை போக வேண்டியிருக்கும்.

அந்த நான்கைந்து முறைதான் சிலருக்கு முடியாத காரியம். எங்கள் பள்ளி ஆயாம்மாவுக்கு அதே மாதத்தில் கடைவாய்ப் பல் வலி. லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். ஒரே நாளில் முடிய வேண்டும் என்பதால் பிடுங்கிக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார். நான் ஏழு வாரம் யோசித்த கேள்வி அவருக்கு வரவே இல்லை. என் சீட்டும் என் ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு அந்தக் கேள்வியையாவது கொடுத்தன. ஆயாம்மாவிடம் போய் "உன் உடம்புக்கு முதலிடம் கொடு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. நிர்வாகத்திடம் போய், பெண் ஊழியர்களுக்குச் சிகிச்சைக்கென்று சம்பளம் பிடிக்காத அரை நாள் லீவு வேண்டும் என்று நாங்கள் எட்டுப் பேர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. திரும்பக் கேட்போம்.

சிகிச்சை முடிந்து புதுக் கேப் போட்டுக்கொண்டு வந்த அன்று சாயங்காலம், மகள் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்குக் கீழ்ப்பல்லு ஒண்ணு ரெண்டு மாசமா கூசுது."

ஏன் இரண்டு மாதமாகச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அடுத்த நாளே தெருமுனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சொத்தை மேலோடு நின்றிருந்தது, கால்வாய் வரைக்கும் போகவில்லை. சுரண்டி அடைத்துவிட்டார். இருபது நிமிடம், 900 ரூபாய்.